உப்பளத்து வண்டிக்கு எந்த டீசல் எஞ்சின்? 186 பூட்டிய புல்லட்டின் அனுபவம்

திருப்பாலைக்குடி பக்கம் உள்ள எங்கள் உப்பளத்தில், பழைய புல்லட் சட்டத்தில் 186 வகைச் சிறிய டீசல் எஞ்சின் ஒன்றைப் பூட்டி 2021 பருவத்திலிருந்து ஓட்டி வருகிறோம். வரப்புகளில் ஆள் போய்வரவும், சிறு டிரெய்லர் மாட்டி மூட்டைகளைத் தட்டுமேட்டுக்கு (உப்பைச் சேர்த்து வைக்கும் மேடு) இழுக்கவும்தான் இந்த வண்டி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இதை ஏற்றுவதில்லை, ஏற்றவும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. சாலைக்கு டீசல் பைக்தான் வேண்டும் என்பவர்கள், ராயல் என்ஃபீல்ட் ஒரு காலத்தில் விற்ற டாரஸைத் தேடுங்கள். 325 சிசி, 6.5 குதிரைசக்தி, கிரீவ்ஸ் லம்பார்டினி எஞ்சின். ஆர்சியிலேயே டீசல் என்று இருக்கும். நான் எழுதுவது சொந்த நிலத்துக்குள் ஓடும் வண்டியைப் பற்றி மட்டும்.

ஏன் டீசல்? உவர்நீர் இறைக்கும் பம்புசெட்டுக்காக அளத்தில் எப்போதும் டீசல் இருக்கும். பெட்ரோலுக்காக ஊருக்குள் போக வேண்டியதில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் இரண்டு உண்டு. உப்புக்காற்றில் முதலில் சாவது மின்சாரப் பாகங்கள்தான். காயில், பிளக் கேப், பாட்டரி முனை எல்லாம் பச்சை பூத்துவிடும். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் டீசல் எஞ்சினில் இவை எதுவுமே கிடையாது. அடுத்தது சூடு. பெட்ரோல் புல்லட் எதிர்க்காற்று மோதித்தான் குளிரும். மே மாத வெயிலில், மூட்டையோடு, ஆள் நடக்கும் வேகத்தில் முதல் கியரில் போனால் எங்கிருந்து காற்று மோதும்? ஜெனரேட்டருக்கும் பவர் வீடருக்கும் (களையெடுக்கும் இயந்திரம்) வரும் டீசல் எஞ்சினில் ஃபிளைவீலே விசிறி. வண்டி நின்றாலும் சிலிண்டருக்குக் காற்று போய்க்கொண்டே இருக்கும். உப்பளத்துக்கு எஞ்சின் தேடும்போது குதிரைசக்தியைப் பார்ப்பதற்கு முன் இந்த விசிறியைப் பாருங்கள் என்பேன்.

எங்களிடம் இருந்த பம்புசெட் எஞ்சின் 5 குதிரைசக்தி, நிமிடத்துக்கு 1500 சுற்று. நூறு கிலோவைத் தாண்டும் அதைப் பைக்கில் வைக்க வழியே இல்லை. மிச்சம் இருந்தது ஜப்பானிய யன்மார் நிறுவனத்தின் எல் வரிசையும், அதைப் பின்பற்றிச் சீனாவில் செய்யப்படும் 170, 178, 186 வகைகளும். அந்த எண்களின் பொருள் எளிது: முதல் 1 என்றால் ஒரு சிலிண்டர், அடுத்த இரண்டு இலக்கம் சிலிண்டரின் விட்டம், மில்லிமீட்டரில். 170 என்றால் 211 சிசி, மூட்டை இழுக்கப் போதாது. 178 என்றால் 296 சிசி, ஏறக்குறைய 6 குதிரைசக்தி, எடையும் குறைவு. ஆள் மட்டும் போய்வர அது தாராளம். டிரெய்லர் இருப்பதால் நாங்கள் 186 எடுத்தோம். 86 மி.மீ விட்டம், 70 மி.மீ ஸ்ட்ரோக், 406 சிசி, ஐம்பது கிலோவுக்குச் சற்று முன்பின். உள்ளே அதிர்வைச் சமன்செய்யும் பேலன்சர் சாஃப்ட் ஒன்று இருப்பதால் நடுக்கம் நான் பயந்த அளவு இல்லை. பவர் வீடர் ஓடும் ஊரிலெல்லாம் இதற்கு நாசில் (டீசலைப் பீய்ச்சும் பாகம்), ரிங், கேஸ்கெட் கிடைக்கும். என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது இதுதான்.

சாஃப்ட் (எஞ்சினின் சுழற்சியை வெளியே தரும் தண்டு) விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். கீழக்கரை லேத் பட்டறைக் காக்கா (அண்ணன்) முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, பணத்தைக் கொடுக்குறதுக்கு முன்னாடி சாஃப்ட்டைப் பாருங்க. டேப்பர் சாஃப்ட்னா என்கிட்ட கொண்டு வராதீங்க." ஜெனரேட்டருக்கு வருவது முனை நோக்கிக் கூம்பும் டேப்பர், அதில் ஸ்பிராக்கெட் (செயின் பல்சக்கரம்) பூட்டுவது பெரிய தலைவலி. பல்சக்கரம் வழுக்காமல் பிடிக்கும் சாவிக்குப் பள்ளம் வெட்டிய நேர் சாஃப்ட்தான் வேண்டும். இன்னொரு வகையில் வேகத்தைப் பாதியாக்கி, வால்வுகளை இயக்கும் கேம் சாஃப்ட் வழியாக வெளியே கொடுப்பார்கள். வேகம் குறைவதால் பைக்குக்கு அதுவே நல்லது என்று தோன்றும். ஆனால் கேம் சாஃப்ட், பிஸ்டன் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்குக்கு எதிர்த்திசையில் சுற்றும். செயின் போட்டால் வண்டி பின்னால் போகும்! இடப்பக்கம் நின்று பார்த்தால், முன்னே போகும் வண்டியின் சக்கரம் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். சாஃப்ட்டும் அப்படியே சுற்ற வேண்டும். கிராங்கிலிருந்து நேராக வெளிவரும் 186 அதற்கு ஒத்துவருகிறது.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே தடித்த தகட்டில் உட்கார வைத்தோம். தனித்தனியாக வைத்தால் நடுக்கத்தில், இரண்டையும் இணைக்கும் பிரைமரி செயினின் நேர்கோடு மாறிவிடும். இழுவைக்காகப் பின்சக்கர ஸ்பிராக்கெட்டைப் பெரிதாக்கினோம். வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் இருப்பதால் சுமை ஏறினாலும் எஞ்சின் சட்டென்று திணறுவதில்லை, தானே டீசலைக் கூட்டிக்கொள்ளும்.

இத்தனை பருவத்தில் பிஸ்டன் பக்கம் கை வைக்கவே இல்லை. நாசிலை ஒருமுறை கழற்றி, ராமநாதபுரத்தில் டீசல் பம்பு பார்க்கும் கடையில் அழுத்தம் வைத்து வாங்கினோம். இந்த எஞ்சினுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவு. டேப்பட் (வால்வு) இடைவெளி, எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.15 மி.மீ. அதைச் சரியாக வைத்தால் ஸ்டார்ட்டிங் தொல்லை வராது.

தொல்லை முழுக்க வெளியிலிருந்துதான். ஃபிளைவீல் விசிறி உப்புத்தூளையும் சேர்த்து உறிஞ்சும். அது சிலிண்டர் துடுப்புகளுக்கு நடுவே ஈரத்தோடு ஒட்டி இறுகிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, மேல் தகட்டைக் கழற்றினால்தான் தெரியும். வாரம் ஒருமுறை, நன்றாக ஆறிய பிறகு, நல்ல தண்ணீரில் கழுவுகிறோம். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் ஹெட் போய்விடும். சைலன்சர் ஒரு பருவத்துக்கு மேல் தாங்குவதில்லை, அடியிலிருந்து அரித்துவிடும். கயிறு ஸ்டார்ட்டரின் சுருள் ஸ்பிரிங்கும் துருப்பிடித்து உடையும், ஒன்று கையிருப்பில் வைத்திருக்க வேண்டும். காகித ஏர் ஃபில்டர் ஈரத்தில் நமத்து மூச்சடைத்ததால் எண்ணெய்க் கிண்ண வகைக்கு மாறினோம். அதில் குறித்த கோட்டுக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். அந்த எண்ணெயை எஞ்சின் இழுத்துக்கொண்டால் டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் ஓடும்.

ஆக்சிலேட்டர் கேபிளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உப்பு ஏறி அது சிக்கிக்கொண்டால் எஞ்சின் முழு வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். பெட்ரோல் வண்டி மாதிரி சாவியைத் திருப்பி அணைக்க முடியாது. ஆகவே டீசலை வெட்டும் லீவருக்குத் தனிக் கேபிள் இழுத்து ஹாண்டில்பாரில் வையுங்கள். ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் அதைக் காட்டிக் கொடுத்த பிறகே வண்டியைக் கொடுக்க வேண்டும். எங்கள் அளத்தில் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ஐப்பசியில் மழை இறங்கினால் அளத்தில் வேலை நின்றுவிடும், வண்டியும் படுத்துவிடும். அப்போது டேங்கை விளிம்பு வரை நிரப்புகிறோம், காலி இடம் இருந்தால் ஈரம் படிந்து டீசலில் தண்ணீர் சேரும். பழைய ஆயிலை வடித்துப் புது 15டபிள்யூ-40 ஊற்றி, கயிற்றை மெல்ல இழுத்து, கம்ப்ரஷன் தட்டும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அந்த இடத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், கடற்காற்று உள்ளே போகாது. தை முடிந்து எடுக்கும்போது டீகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டரின் அழுத்தத்தைத் தளர்த்துவது) அழுத்திக்கொண்டு சில முறை சும்மா இழுத்து ஆயிலை மேலே ஏற்றி, அப்புறம்தான் ஸ்டார்ட் செய்கிறோம். அடுத்த பருவத்துக்குள் டேங்கை இரும்பிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாற்ற வேண்டும். ஃபில்டரில் துருத்தூள் வரத் தொடங்கியிருக்கிறது.