இலை வண்டு பார்க்க 10 மடங்கு மடக்கு லென்ஸ்

2 மில்லிமீட்டர் வண்டுக்கு 10 மடங்கு லென்ஸே போதும். 30 மடங்கில் பார்வைப் பரப்பு சுருங்கும், வெளிச்சம் குறையும். வண்டு அசைந்தாலே தவறிவிடும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, இலையை 2.5 சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

முதலில் செடியைக் குறித்தால் பாதி வேலை முடிந்தது. முள்ளங்கி இலையில் குண்டூசி குத்தியதுபோல் ஓட்டைகள், கறுப்பு முதுகில் இரண்டு மஞ்சள் பட்டைகள், பருத்த பின்தொடை என்றால் இலை வண்டுக் குடும்பத்துத் தெள்ளு வண்டு. தொட்டால் துள்ளிவிடும்; குப்பியில் அடைத்துச் சில நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள்.

கத்தரியில்தான் பலரும் வேறு வண்டை இலை வண்டு என்று நினைத்து ஏமாறுவார்கள். இலையைச் சுரண்டும் புள்ளி வண்டு, பொறிவண்டுக் குடும்பம். அதன் உணர்கொம்பு குட்டை, நுனி குண்டு. தெள்ளு வண்டுக்கு நூல்போல் நீளும். மலிவான பிளாஸ்டிக் லென்ஸில் விளிம்பு மங்கி இது தெரியாது. மூன்று கண்ணாடி ஒட்டிய வகையையே வாங்குங்கள்.