68,500 ரூபாய் போச்சு: மதுரையில் யாராவது 'பழைய மோட்டார் யாட்' (உல்லாசப் படகு) பேக்கேஜ் விற்றால் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வீட்டில் எல்லாரும் சொல்வதுபோல "விடு, கண் திருஷ்டி போச்சுன்னு நினைச்சுக்க" என்று நானும் விட்டுவிடுவேன். 68,500 ரூபாய்க்குத் திருஷ்டி கழிக்கிற அளவுக்கு நாங்கள் வசதியானவர்கள் இல்லை.

கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் கேஸ் போடுவேன் என்று ஏற்கெனவே மிரட்டல் வந்துவிட்டது. மதுரையில் இருக்கும் ஒரு டிராவல்ஸ் கடை, அவ்வளவுதான். சபரிமலை வேன், கொடைக்கானல் பேக்கேஜ், ராமேஸ்வரம் டெம்போ என்று வாசலில் பெரிய போர்டு இருக்கும். அப்படி ஊரில் எத்தனையோ கடை இருக்கிறது. அதனால் ஆளைத் தேடாதீர்கள், முறையைப் பாருங்கள்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அறுபதாம் கல்யாணம் முடிந்தது. திருக்கடையூர் போய் வந்த கையோடு, இருவரையும் எங்காவது நிம்மதியாக இரண்டு நாள் கூட்டிப்போகலாம் என்று தம்பியும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் வாட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்தது. வெள்ளை உடம்பு, தேக்குத் தளம், வட்ட ஜன்னல்களில் பித்தளை விளிம்பு. '1930களின் ஆங்கிலேய மோட்டார் யாட், முழுவதும் புதுப்பிக்கப்பட்டது, நவீன வசதிகளுடன், வேம்பநாட்டு ஏரியில்' என்று கீழே போட்டிருந்தது.

அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த விளம்பரத்தில் அவர் கண் நின்ற இடம் ஒன்றே ஒன்றுதான்: 'அசல் கார்ட்னர் டீசல் எஞ்சின்'. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் செய்த எஞ்சின். அந்தக் காலத்தில் அங்கே பஸ், லாரி, படகு எல்லாவற்றிலும் ஓடியது. மெதுவாகச் சுற்றும், பல வருஷம் உழைக்கும் என்று பெயர். பட்டறையில் பெரியவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி, அப்பா அதைப் பார்த்ததில்லை. "அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டாப் போதும்மா" என்றார்.

சரி, கடைக்குப் போனோம். அங்கே நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த ஆள் எங்களிடம் விலையைப் பற்றி முதலில் பேசவே இல்லை. அம்மா படியேறும்போது முழங்காலைப் பிடித்ததைப் பார்த்துவிட்டு, "அக்கா, அம்மாவுக்குப் படகுல ஏற ஸ்டூல் போடச் சொல்லிடுறேன், கவலையே படாதீங்க" என்றார். பிறகு படகைப் பற்றிச் சொன்னார் பாருங்கள், மனுஷன் நன்றாகப் படித்து வைத்திருக்கிறார். ஓக் மரச் சட்டத்தின் மேல் தேக்குப் பலகை அடிப்பார்களாம். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்து மேலே அடைப்புப் பசை பூசினால்தான் தண்ணீர் கசியாதாம். புதுப்பிக்கும்போது ஏ.சி., வெந்நீர்க் குழாய், பேட்டரி எல்லாவற்றையும் பழைய மரவேலைக்குப் பின்னால் மறைத்து வைப்பார்களாம், பார்வைக்கு 1930 கெடக்கூடாது என்று. 1940இல் உலகப் போரின்போது பிரான்சின் டன்கிர்க் கரையில் சிக்கிய சிப்பாய்களை மீட்கப் போன சிறு படகுகளில் இந்த மாதிரி சொந்த யாட்களும் உண்டு என்றார். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எல்லாமே உண்மை, ஆனால் வேறு ஏதோ படகைப் பற்றியது.

அப்புறம் எழுந்து வந்து, "அறுபதாம் கல்யாணம் முடிச்சவங்க, என்னையும் ஆசீர்வாதம் பண்ணுங்கய்யா" என்று அப்பா காலில் விழுந்தார். கழுத்தில் மாலை, கறுப்பு வேட்டி. சாமி காலில் விழுந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? அப்பா பதறிப்போய்ச் சட்டைப்பையிலிருந்து நூற்றொரு ரூபாய் எடுத்துக் கொடுத்தார். அந்த நூற்றொன்றை நான் 68,500இல் சேர்க்கவில்லை.

நாலு பேர், இரண்டு இரவு, சாப்பாடு உட்பட 68,500. பாதி அங்கேயே, மீதி கிளம்புவதற்கு முன். தேனி, குமுளி வழியாகக் காரில் ஆலப்புழை போய்ச் சேர்ந்தோம்.

படித்துறையில் நின்றது யாட் இல்லை. பழைய மீன்பிடிப் படகு ஒன்றின் மேல் பிளைவுட்டில் அறை கட்டி வெள்ளை அடித்திருந்தார்கள். அப்பா எதுவும் பேசாமல் தளத்தில் உட்கார்ந்து, ஓரத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்தார். தேக்கு உரிந்து வந்தது. மர டிசைன் போட்ட ஸ்டிக்கர்! அம்மா ஜன்னல் விளிம்பை முந்தானையால் ஒரு தேய்ப்பு தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது பித்தளை இல்லடி, பிளாஸ்டிக்கு" என்றார். வருஷமெல்லாம் குத்துவிளக்குத் துலக்குகிற கை அது, ஏமாற்ற முடியாது. எஞ்சின் அறைப் பலகையைத் தூக்கச் சொல்லி அப்பா குனிந்து பார்த்தார். "லாரி எஞ்சின்" என்று மட்டும் சொன்னார். லாரி எஞ்சினைப் படகில் போடுவது குற்றம் இல்லை, அங்கே பல படகுகள் அப்படித்தான் ஓடுகின்றன என்று அவரே அப்புறம் சொன்னார். ஆனால் கார்ட்னர் என்று காசு வாங்கிவிட்டு இதைக் காட்டினால் அதற்கு என்ன பெயர்?

அந்த ஆள் சொன்னதில் சொன்னபடி வந்தது ஸ்டூல் ஒன்றுதான். சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு கால் வளைந்தது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ.சி. இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரைதான். ஜெனரேட்டர் புகை நேராக அம்மா படுத்த அறைக்குள் வந்தது. வெந்நீர், சமையலறையிலிருந்து வாளியில் வந்தது. 'நிலா வெளிச்சத்தில் ஏரி நடுவே சவாரி' என்று விளம்பரத்தில் இருந்ததே என்று கேட்டால், படகுக்காரர் சிரித்துவிட்டார். மாலை ஐந்தரைக்கு மேல் சுற்றுலாப் படகுகளைக் கரையில் கட்டிவிட வேண்டும், மீனவர்கள் வலை போடும் நேரம் அது. ஆலப்புழையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயமாம். மீன் குழம்பு நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். படகில் வேலை பார்த்த இருவர் மேலும் எனக்கு வருத்தம் இல்லை.

வயிற்றைக் கலக்கியது வேறு. லைஃப் ஜாக்கெட் எங்கே என்று தம்பி கேட்டான். அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் பாதிக்குப் பட்டையே இல்லை. 2023 மே 7ஆம் தேதி கேரளாவின் தானூரில் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்களே, அதுவும் மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகுதான். 2009இல் குமுளியை ஒட்டிய தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர். குமுளியைத் தாண்டி வந்த எங்களுக்கு அது ஞாபகம் வராமல் இருக்குமா? முதல் இரவோடு இறங்கிவிட்டோம்.

அங்கிருந்தே போன் போட்டேன். "அக்கா, நீங்க புக் பண்ணின படகு சர்வீஸ்ல இருக்கு, இது அதே ரகம்." அதே ரகமா? "ரசீதுல பாருங்க, 'அல்லது இணையான படகு'ன்னு போட்டிருக்கோம்." எறும்பு எழுத்தில் போட்டிருந்தது உண்மைதான். மதுரைக்கு வந்து கடைக்கு நேரில் போனால், ஓனர் மலைக்குப் போயிருக்கிறார் என்று ஒரு பையன் சொன்னான். ஓனர் என்றால் யார், காலில் விழுந்தவரா? இல்லையாம், அவர் மேனேஜராம். மறுபடி போனபோது அவரே மேனேஜர் இல்லை, கமிஷன் ஏஜென்டாம். "கேரளாக்காரன்ட்ட பேசிக்கங்க, காசு பூரா அங்க போயிருச்சு" என்றார்கள். கேரளாவுக்குப் பேசினோம். படகு உரிமையாளர், எங்கள் புக்கிங்குக்கு வந்த பணம் 19,000 ரூபாய் என்று வங்கிச் செய்தியையே அனுப்பினார். அவரிடம் யாட் எதுவும் இல்லை, இருப்பதாக யாரிடமும் சொல்லவும் இல்லை.

68,500இல் 19,000 போக மீதி எங்கே என்று கேட்டதற்கு வந்த பதில்: "அக்கா, நான் மாலை போட்டிருக்கேன், பொய் சொல்ல மாட்டேன்." அதற்கு மேல் நெருக்கியதும், பணமாகத் திருப்பித் தர முடியாது, வேண்டுமானால் கொடைக்கானல் பேக்கேஜில் பத்தாயிரம் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். அதையும் மறுத்த பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பின்னால் தெரியும் கரையைப் பாருங்கள். எங்களுக்கு வந்த படத்தில் ஒரு தென்னை மரம்கூட இல்லை. தம்பி அதைக் கூகுளில் தேடினான், இங்கிலாந்தில் விற்பனைக்குப் போட்டிருந்த படகு அது. படகின் பதிவு எண்ணைக் கேளுங்கள், கேரளாவில் கே.ஐ.வி. என்று ஆரம்பிக்கும், படகிலும் எழுதியிருக்கும். அந்த எண் தெரிகிற மாதிரி வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். ஏ.சி. எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் வாங்குங்கள். 'இணையான' என்ற சொல் ரசீதில் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். தனி ஆள் பெயருக்கு ஜிபே பண்ணாதீர்கள். ஏமாந்தவர்கள் 1915க்குப் போன் பண்ணுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. நாங்கள் போட்டுவிட்டோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மதினி போனில் காட்டினார், அவர் நம்பரை இன்னும் பிளாக் செய்யவில்லை. கடைக்காரர் ஸ்டேட்டஸில் அதே வெள்ளைப் படகு, அதே கார்ட்னர். பொங்கல் சிறப்புச் சலுகை, 59,999 ரூபாயாம்.