வேட்டைக்குப் போவதா, வேட்டைக் கைடு பள்ளிக்குப் போவதா?

கணக்கில் மதிப்பெண் குறையும்போதெல்லாம் அம்மா சொல்வது ஒன்றுதான்: "படிக்கலேன்னா கழுதை மேய்க்கத்தான் போவே." போன வருடம் மே மாதம், நாலு வார விடுப்பும் நாலாயிரத்துச் சொச்சம் டாலரும் கொடுத்து, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வேட்டை வழிகாட்டிகளுக்குப் பயிற்சி தரும் ஒரு பள்ளிக்கு அதற்கேதான் போனேன். போனில் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "படிச்சும் அங்கதான் போய் நிக்கிறியா?" என்றார்.

கோவேறு கழுதை என்று திருத்தினேன். பலனில்லை.

அதற்கு மூன்று வருடம் முன்பு அதே மொன்டானாவில் அவுட்ஃபிட்டர் (வேட்டைப் பயணம் ஏற்பாடு செய்பவர்) ஒருவரிடம் பணம் கட்டி, ஏழு நாள் எல்க் மான் வேட்டைக்கும் போயிருக்கிறேன். காட்டில் ஒரு விடுமுறை என்று யோசிக்கும் நண்பர்கள் இப்போது என்னிடம் கேட்பது, இந்த இரண்டில் எது என்று. நான் பள்ளிக் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பணக் கணக்கைச் சட்டென்று முடித்துவிடலாம். வேட்டைக்கு எனக்கு ஏழாயிரம் டாலர் ஆனது. வெளிமாநிலத்தவருக்கான உரிமம் ஆயிரத்துக்கு மேல், அதுவும் குலுக்கலில் விழுந்தால்தான். கைடுக்கும் சமையல்காரருக்கும் டிப்ஸ் தனி. பள்ளிக் கட்டணத்தில் சாப்பாடும் படுக்கையும் அடக்கம். ஆனால் நாலு வாரம் லீவு யார் தருவார்கள்? அதுதான் பள்ளியின் உண்மையான விலை. இன்னொன்று, பள்ளியில் வேட்டை கிடையாது. வகுப்பு நடப்பது வசந்தத்தில், வேட்டைப் பருவம் இலையுதிர் காலத்தில். கொம்போடு வீடு திரும்ப நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திவிட்டு அவுட்ஃபிட்டருக்குப் போன் போடலாம்.

அந்த ஏழு நாள் வேட்டை மோசமில்லை. பாப் மார்ஷல் வனப்பகுதி, பத்து லட்சம் ஏக்கருக்கு மேல். குதிரையில் ஒரு முழு நாள் போனால்தான் முகாம். விடியற்காலை நாலு மணிக்கு யாரோ வந்து கூடாரத்து அடுப்பை மூட்டிவிட்டுப் போவார்கள், காபி தயாராக இருக்கும். செப்டம்பர் என்பதால் ஆண் எல்க் கத்தும் பருவம். ஐந்தாம் நாள் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒன்று கத்தியது, துருப்பிடித்த கதவைத் திறந்து அதிலேயே விசில் அடித்த மாதிரி. அவ்வளவுதான், கண்ணில் படவில்லை. அது யார் குற்றமும் இல்லை. என் குறை வேறு. பொதி ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால், "நீங்க அப்படி உட்காருங்க சார்" என்கிற தொனியில் அனுப்பிவிடுவார்கள். காப்பீட்டுப் பயம், நியாயம்தான். என்னையும் ஒரு பொதியாகக் கொண்டுபோனார்கள், பொதியாகவே திரும்பக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்தப் பொதிதான்.

1964ஆம் ஆண்டின் வனப்பாதுகாப்புச் சட்டப்படி இந்தக் காடுகளுக்குள் மோட்டார் வாகனம் கூடாது, மோட்டார் ரம்பம் கூடாது, சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. உருளைக்கிழங்கு மூட்டையிலிருந்து தகர அடுப்பு வரை எல்லாம் விலங்கின் முதுகில்தான் போக வேண்டும். சுட்ட மானும் அப்படித்தான் வரும். ஆண் எல்க் 300 கிலோ இருக்கும், வெட்டிப் பிரித்தாலும் இரண்டு கோவேறு கழுதைச் சுமை. ஆகவே இங்கே நல்ல கைடு என்றால் குறி பார்த்துச் சுடத் தெரிந்தவர் என்பதைவிடப் பொதி கட்டத் தெரிந்தவர் என்றே அர்த்தம்.

பள்ளியில் பொதி ஏற்றப் பயன்படுத்தியது டெக்கர் என்ற வகைச் சேணம். அதன் உச்சியில் இரண்டு இரும்பு வளையங்கள். சாமானைக் கித்தானில் பார்சல் மாதிரி மடித்துக் கட்டி, வளையத்திலிருந்து இறங்கும் கயிற்றில் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட வேண்டும். ஒரு பக்கம் சுமார் 34 கிலோ. இரண்டும் ஒரே எடை, ஒரே உயரம். வரிசையில் ஒரு கழுதையை அடுத்ததோடு இணைக்கும் இடத்தில் மட்டும் வேண்டுமென்றே மெல்லிய கயிறு. ஒன்று சரிவில் விழுந்தால் அது அறுந்துவிடும், மற்றவை தப்பிக்கும்.

மூன்றாம் நாள் ஒரு பெண் கழுதை மேல் ஒரு பக்கம் ஓட்ஸ் மூட்டை, மறுபக்கம் படுக்கைச் சுருட்டு என்று ஏற்றினேன். கையால் தூக்கிப் பார்த்து, சமம்தான் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அரை மைல் தாண்டவில்லை, சேணம் சுழன்று ஓட்ஸ் மூட்டை வயிற்றுக்கடியில் போய்விட்டது. குதிரையாக இருந்தால் மிரண்டு உதைத்து ஊரைக் கூட்டியிருக்கும். இவள் நின்றாள். ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பி என்னைப் பார்த்தாள். சொல்லிக்கொடுப்பவர் பேசாமல் தொங்கு தராசை நீட்டினார். வித்தியாசம் பதினொரு பவுண்டு. மாட்டுவண்டியில் நெல் ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் என்று தாத்தா ஏன் அப்படிக் கத்துவார் என்று அன்றைக்குப் புரிந்தது.

லாடம் பார்ப்பது, கரடிக்கு எட்டாமல் உணவைக் கட்டித் தொங்கவிடுவது, இருவர் இழுக்கும் ரம்பத்தால் பாதையில் விழுந்த மரத்தை அறுப்பது என்று மற்றதும் உண்டு. ஆனால் கையில் தங்கியது பொதிதான். ஊருக்குப் போகும் 23 கிலோ பெட்டிகளை இப்போது நான்தான் கட்டுகிறேன், ஏர்போர்ட்டில் திறக்க வேண்டி வருவதில்லை. பயிற்சி விட்டால் முடிச்சு மறக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

நான் பார்த்தது ஒரே பள்ளி, ஒரே வேட்டை. உங்களுக்கு எல்க் கிடைத்திருந்தால் வேறு மாதிரி எழுதுவீர்கள். பக்கத்து மாநிலமான வயோமிங்கின் வனப்பகுதிகளில் பெரிய விலங்கு வேட்டையாட வெளிமாநிலத்தவருக்குக் கைடு கட்டாயம், அங்கே பள்ளிப் படிப்பு உங்கள் செலவைக் குறைக்காது. நாலு வாரம் கிடைக்காதவர்கள் 'பேக் கன்ட்ரி ஹார்ஸ்மென்' என்ற குதிரைக்காரர்கள் அமைப்பின் கிளைகள் நடத்தும் பொதி வகுப்புகளைத் தேடிப் பார்க்கலாம். எச்1பி மாதிரி விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: துப்பாக்கி வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால்தான் விலக்கு. பள்ளியில் துப்பாக்கிப் பயிற்சி உண்டென்றால் உரிமத்தை முதலில் எடுங்கள்.

பள்ளி முடிந்து வந்த செப்டம்பரில், முகாமில் இறக்கிவிட்டுப் போய்விடும் மலிவான ஏற்பாட்டில் மறுபடி பாப் மார்ஷலுக்குப் போனேன். சாமான் ஏற்றுகிறவர் நான் நின்ற விதத்தைப் பார்த்து, கட்டத் தெரியுமா என்று கேட்டார். ஒரு பக்கத்தை என்னிடம் விட்டார். முடிந்ததும் என் பொதியைத் தராசில் மாட்டிப் பார்த்தார். ஆறு பவுண்டு குறைவு. ஒரு கல்லைப் பொறுக்கி வந்து அதற்குள் செருகிவிட்டு, கிளம்பலாம் என்றார்.