ஐந்து பெட்டியிலும் சத்தம் வந்தால் அது 5.1 ஆகிவிடாது: குமரி மாவட்ட நண்பர்கள் கவனத்திற்கு

கணினியை ஹோம் தியேட்டர் ரிசீவருடன் (ஒலியை வாங்கிப் பெட்டிகளுக்குப் பிரித்தனுப்பும் கருவி) இணைத்து, 5.1 சரவுண்ட் ஒலி, அதாவது ஐந்து பெட்டிகளுக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனியான ஒலி, வரவைத்துத் தருவதாகச் சொல்லி, நாகர்கோவிலில் உள்ள ஒரு கடை என்னிடம் 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, இடம், வலம் என இரண்டே ஒலி உள்ள வெறும் ஸ்டீரியோவைத் தலையில் கட்டிவிட்டது. தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் பக்கமும் அந்தக் கடையின் ஆட்கள் வீட்டுக்கு வந்து வேலை செய்வதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

என் கணினியிலும் ரிசீவரிலும் எச்டிஎம்ஐ இருக்கிறது. அந்த ஒரே ஒயரில் படமும் போகும், எட்டு சேனல் (தனித்தனி ஒலித்தடம்) வரை சுருக்கப்படாத ஒலியும் போகும். வந்தவரோ, கணினியின் எச்டிஎம்ஐயில் படம் மட்டும்தான் வரும் என்று அடித்துச் சொன்னார். பிறகு ‘7.1’ என்று அச்சிட்ட ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டையும், கடற்காற்றுக்குச் சாதாரண ஒயர் களிம்பேறிவிடும் என்று காரணம் காட்டித் தங்கமுலாம் பூசிய ஒரு ஒயரையும் பையிலிருந்து எடுத்தார். விரல் நீளமுள்ள அந்தக் கார்டில் மைக்குக்கு ஒரு துளை, ஹெட்போனுக்கு ஒரு துளை, அவ்வளவுதான். ஹெட்போன் துளையில் இடம், வலம் என்று இரண்டு சேனலுக்கு மேல் வெளிவர வழியே இல்லை. அனலாக் முறையில் 5.1 வேண்டுமென்றால், பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று துளைகளிலிருந்து சேனலுக்கு ஒன்றாக ஆறு ஆர்சிஏ முனைகள் (பழைய டிவி, டிவிடி ஒயர்களில் இருக்கும் வட்ட முனைகள்) ரிசீவருக்குப் போக வேண்டும். அவர் செருகியது சிவப்பும் வெள்ளையுமாக இரண்டே முனைகள்.

அதன்பின் ரிமோட்டில் எதையோ அழுத்தி, யூடியூபில் ஒரு பாட்டைப் போட்டு, “அஞ்சு பாக்ஸ்லயும் சத்தம் வருதுல்லா சார், பிறகென்ன?” என்றார். யூடியூப் பாட்டுகள் பெரும்பாலும் இரண்டு சேனலில்தான் வருகின்றன என்பதால், சரவுண்டைச் சோதிக்க அவை உதவாது.

அவர் பணம் வாங்கிப் போனபின் 5.1 ஒலியுள்ள ஒரு படத்தைப் போட்டேன். நடுப்பெட்டியில் மட்டும் கேட்க வேண்டிய வசனம் முதுகுக்குப் பின்னாலிருந்தும் பேசியது. ரிசீவரின் முகப்பில் ‘மல்ட்டி சேனல் ஸ்டீரியோ’ என்று எழுத்து ஓடியது. வரும் இரண்டு சேனலையே எல்லாப் பெட்டிகளுக்கும் பகிர்ந்து கொடுக்கும் முறை அது. விண்டோஸின் ஒலி அமைப்பில் அந்தக் கார்டைத் தேர்ந்து ‘கான்ஃபிகர்’ அழுத்தினால், பட்டியலில் ஸ்டீரியோ ஒன்று மட்டுமே இருந்தது. கார்டைப் பிடுங்கிவிட்டு, சாதாரண எச்டிஎம்ஐ ஒயரைக் கணினியிலிருந்து ரிசீவருக்கும், இன்னொன்றை அங்கிருந்து டிவிக்கும் கொடுத்தேன். அதே பட்டியலில் 5.1 வந்தது, சோதனையில் பின்பெட்டியைச் சொடுக்கினால் பின்பெட்டி மட்டும் ஒலித்தது.

கடையில் கேட்டதற்கு, பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள், ரசீதும் தரவில்லை. பொய் சொல்லி விற்ற பொருளுக்கு இப்படிப் பதில் சொல்வது எனக்கு மிகுந்த வருத்தத்தையும் கோபத்தையும் தந்தது. யுபிஐ வழியாகப் பணம் கொடுத்த பதிவு இருப்பதால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

எச்டிஎம்ஐக்குப் பதில் ஒலியை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் ஒயர் போட்டால் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. சுருக்கப்படாத ஒலி அதில் இரண்டு சேனல்தான் போகும். டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் ஆகச் சுருக்கி அனுப்பினால் மட்டுமே 5.1 கிடைக்கும். யார் வந்து இணைத்தாலும், விண்டோஸின் அந்தச் சோதனையில் ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியே ஒலிப்பதைக் கேட்டு, ரசீதையும் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.