ஊட்டிக் குளிரில் காளான் பவளம்: 3 குளிர்காலம் தாண்டிய தொட்டி

தொட்டி 75 × 40 × 40 செ.மீ., 120 லிட்டர். இருக்கும் இடம் ஊட்டி, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர். உள்ளே இரண்டு கோமாளி மீன்கள், பீங்கான் பாறை, மூன்று வகைக் காளான் பவளங்கள் (எலும்பில்லாமல் தட்டையாக விரியும் பவளம்). மூன்று டிசம்பர்–ஜனவரிப் பனியும் மூன்று தென்மேற்குப் பருவமழையும் பார்த்த பிறகு இதை எழுதுகிறோம். மலையில் கடல்தொட்டி வைக்க ஆசைப்படுபவருக்குக் காளான் பவளத்தைவிடப் பொறுமையான உயிர் கிடைப்பது அரிது. ஆனால் அது கேட்கும் ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும்: மாறாத சூடு. விளக்குக்கும் ஃபில்டருக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு ஹீட்டரில் கையை இறுக்கினால், முதல் ஜனவரியிலேயே தொட்டி காலி.

கல் பவளத்தை விட்டு ஏன் காளான் பவளம் என்பதற்கு முதல் காரணம் சட்டம். கல் பவளம் எந்த வகையாக இருந்தாலும், 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. தீப்பவளம், கடல்விசிறி, ஆர்கன் பைப் பவளம் எல்லாம் அதே பட்டியல்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளிலிருந்து ஒரு விரல் அளவு உடைத்து வந்தாலும் குற்றம். காளான் பவளம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் வாங்கும்போது அது எதன் மேல் ஒட்டியிருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள். 'லைவ் ராக்' என்று விற்கும் துளைத்துளையான பாறை பெரும்பாலும் செத்த கல் பவளத்தின் எலும்புதான். பீங்கான் அல்லது சிமெண்ட் குமிழில் வளர்த்ததை மட்டும், பில்லோடு வாங்க வேண்டும்.

இரண்டாவது காரணம் உடலமைப்பு. காளான் பவளம் பார்ப்பதற்குக் கடல் சாமந்தி போலத் தட்டையாக விரிந்திருக்கும். உள்ளே வெட்டிப் பார்த்தால் கல் பவளத்தின் அமைப்பு, எலும்பு மட்டும் இல்லை. கல் பவளத்திலிருந்து பிரிந்து எலும்பை இழந்த கிளை இது என்று ஒரு கருத்து முன்பு இருந்தது. பின்னர் வந்த மரபணு ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டையும் ஒரு தாய் வயிற்று அக்கா தங்கையாகத்தான் காட்டுகின்றன. வளர்ப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது? கல் பவளம் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் உறிஞ்சி தினமும் எலும்பு கட்டுகிறது. கால்சியம் 400–450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மக்னீசியம் 1,250–1,350, காரத்தன்மை 8–9 டி.கே.எச். (காரத்தன்மையின் அலகு) என்று தினமும் அளந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காளான் பவளத்துக்கு அந்த வேலை இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 12 லிட்டர் மாற்றினாலே காரத்தன்மை 8-லேயே நிற்கிறது. சோறு போடுவது இரண்டுக்கும் ஒரே ஆள்தான்: தசைக்குள் குடியிருக்கும் ஸூசாந்தெல்லே என்னும் நுண்பாசி. வெளிச்சம் பட்டால் அது சர்க்கரை செய்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறது. குளிர் அடித்தாலும் சூடு ஏறினாலும் அந்த உறவு முறிந்துவிடும், பவளம் வெளுக்கும்.

இனி சூடு. தொட்டித் தண்ணீர் 25 டிகிரி, இரவில் அறை 12 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவுத் தொட்டி சுற்றிலும் வெறும் கண்ணாடியாக இருந்தால், ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஏறக்குறைய 8 வாட் சூட்டை இழக்கும். 13 டிகிரிக்கு 104 வாட். நாளெல்லாம் அதே நிலை என்றால் இரண்டரை யூனிட். பின்புறம், இரு பக்கம், அடி ஆகியவற்றில் 25 மி.மீ. தெர்மாகோல் ஒட்டி, மேலே கண்ணாடி மூடி போட்டால் டிகிரிக்கு 5 வாட் என்று வந்துவிடுகிறது. முழுத் தொட்டிக்கும் சேர்த்துப் பார்த்தால் இதைவிட மலிவான வேலை வேறு இல்லை. மூடியை அலட்சியம் செய்யாதீர்கள்: ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும்போது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஜனவரியின் வறண்ட காற்றில் திறந்த தொட்டி ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் இழப்பது சாதாரணம்.

ஹீட்டர் 200 வாட் ஒன்று வேண்டாம், 100 வாட் இரண்டு வேண்டும். ஒன்று செத்தால் மற்றது தாங்கும். ஒன்றின் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையாமல் எரிந்தாலும் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும். இரண்டையும் வெளிக் கன்ட்ரோலரில் (சூட்டை அளந்து ஹீட்டரைப் போட்டு அணைக்கும் பெட்டி) மாட்டி, கன்ட்ரோலரை 25.5-லும் ஹீட்டரின் சொந்தத் திருகை 27-லும் வைக்க வேண்டும். கன்ட்ரோலர் பழுதானால் இரண்டாவது காவல் அது. இந்த ஏற்பாட்டின் பலவீனம் சென்சார்தான். அதைக் கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் குமிழ் உப்பில் கெட்டியாகிப் பிடி விடும். சென்சார் நழுவித் தண்ணீருக்கு வெளியே தொங்கும். காற்றின் 12 டிகிரியைப் படித்துக்கொண்டு கன்ட்ரோலர் ஹீட்டரை அணைக்காது. சென்சாரை ரப்பர் குமிழை நம்பி விடாமல், பிளாஸ்டிக் கிளிப்பால் தண்ணீர் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே கட்டுங்கள்.

மின்னழுத்தம் இன்னொன்று. மரங்களுக்கு நடுவே நீண்டு வரும் லைனில், சாயங்காலம் எல்லா வீட்டிலும் கீசரும் ரூம் ஹீட்டரும் போட்டதும் 230 வோல்ட் 180-க்கு இறங்கும். வோல்ட் இப்படி இறங்கினால் ஹீட்டரின் வாட் அதைவிட வேகமாக இறங்கும்: 100 வாட் ஹீட்டர் அப்போது 61 வாட்தான். பெட்டியில் அச்சடித்த வாட்டை நம்பிக் கணக்குப் போட்டவருக்கு இரவு 2 மணிக்கு 22 டிகிரி காட்டும்.

மழைக்காலத்தில் மரம் விழுந்தால் 6 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருப்பது மலையில் புதிதல்ல. இந்தத் தொட்டி தெர்மாகோல் இல்லாமல் 6 மணி நேரத்தில் ஏறக்குறைய 4 டிகிரி இறங்கும், தெர்மாகோலோடு இரண்டரை. 20 டிகிரிக்குக் கீழே காளான் பவளம் சுருண்டு பொத்தான் போலாகிவிடும். ஓரிரு மணி நேரம் என்றால் மீண்டுவிடும்; இரவு முழுக்க என்றால் வெளுப்பு. நல்ல நிலையில் உள்ள 150 ஏ.எச். இன்வெர்ட்டர் பேட்டரி ஒரு 100 வாட் ஹீட்டரையும் ஒரு சிறு பம்ப்பையும் 8 முதல் 10 மணி நேரம் ஓட்டும். அது இல்லாத வீட்டில், இறுக மூடிய ஒரு லிட்டர் பாட்டிலில் 60 டிகிரி வெந்நீர் பிடித்து நான்கு பாட்டில்களை மிதக்கவிட்டால் ஒரு டிகிரி ஏறும். காற்றுக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப் போதும். கரி அடுப்பை மட்டும் அந்த அறையில் வைக்கவே கூடாது. பவளம் இருக்கட்டும், மூடிய அறையில் மனிதருக்கே உயிராபத்து.

உயரத்தால் வரும் இன்னொரு சங்கதி பலருக்குத் தெரிவதில்லை. ஊட்டியில் காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் 77 சதவீதம்தான். 25 டிகிரி கடல்நீர் சென்னையில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் பிடித்து வைத்திருக்கும், இங்கே 5.2. மீனைக் குறைவாக விடுங்கள், பம்ப்பின் வாயை மேற்பரப்பு நெளியும்படி திருப்புங்கள், கண்ணாடி மூடியின் இரு முனையிலும் 2 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

இதே அழுத்தம்தான் பவளம் மேலே வரும் வழியிலும் வேலையைக் காட்டுகிறது. குன்னூர் தாண்டும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சென்னையில் ஆக்சிஜன் நிரப்பி இறுகக் கட்டிய பையின் காற்று, இளகி இடம் கொடுத்தால் ஊட்டியில் சுமார் 30 சதவீதம் கூடுதல் இடம் பிடிக்கும். மேட்டுப்பாளையத்தில் அமுங்கிய பை கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏற மத்தளம் போல விறைக்கும். ரப்பர் பேண்ட் போட்ட கழுத்து கசியத் தொடங்கும். அனுப்புபவரிடம் பாதிக்கு மேல் காற்று நிரப்ப வேண்டாம், இரட்டைப் பை போடுங்கள், தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வந்ததும் பையைப் பிரிக்காமல் அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட வேண்டும். பிரித்த பிறகு தாமதம் கூடாது: பைத் தண்ணீரில் தங்கியிருந்த கரியமிலவாயு வெளியேறியதும் பி.எச். ஏறும், அதோடு அம்மோனியா விஷமாக மாறும்.

தண்ணீரில் மலைக்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஊற்றுத் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை (கரைந்த உப்புகளின் மொத்த அளவு காட்டுவது) விட்டால் 40, 50 என்று காட்டும். சமவெளியில் 800 பார்த்தவருக்கு இது அமிர்தமாகத் தெரியும். ஆனால் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே வரும் ஊற்றில் உர நைட்ரேட்டும், கொப்புள நோய்க்கு அடிக்கும் செம்புப் பூஞ்சைக்கொல்லியின் மிச்சமும் இருக்கலாம். முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்குச் செம்பு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு; அந்த அளவை டி.டி.எஸ். மீட்டர் காட்டாது. ஆர்.ஓ. போட்டு அதற்குப் பின் மிச்ச அயனிகளையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் வழியாக எடுத்த தண்ணீர் மட்டுமே. குளிர்ந்த தண்ணீரில் ஆர்.ஓ. சவ்வு மந்தமாகும், 25 டிகிரியில் சொல்லப்பட்ட வேகம் 12 டிகிரியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே போய்விடும். மெஷின் கெட்டுவிட்டது என்று ஆளைக் கூப்பிட வேண்டாம், முந்தைய நாளே பிடித்து வைத்தால் போதும்.

லிட்டருக்கு 36–38 கிராம் உப்பு. தண்ணீரை முதலில் 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, பம்ப் சுழலும்போது தூவ வேண்டும். அவசரத்துக்கு வெந்நீரில் கொட்டினால் கால்சியம் வெள்ளைப் பொடியாக அடியில் படிந்துவிடும், அந்த வாளியே வீண். ஜூன், ஜூலை மூடுபனியில் உப்பு ஈரம் இழுத்துக் கல்லாகும். ஈரம் குடித்த உப்பை எடை போட்டால் அளவும் குறையும். இரட்டைக் கவரில் கட்டி மூடியுள்ள டிரம்மில் வைப்பதே வழி. அடர்த்தி 1.026, அதாவது ஆயிரம் பங்குக்கு 35 பங்கு உப்பு. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35-க்கான கரைசல் கொண்டு சரிபார்க்க வேண்டும். குளிர்ந்து கிடக்கும் கருவியில் சொட்டு விட்டதும் படிக்காமல் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும்.

விளக்கும் நீரோட்டமும் காளான் பவளத்துக்குக் குறைவாகத்தான் வேண்டும். டிஸ்கோசோமா என்னும் காளான் பவள வகைக்கு 50–100 பார் (பாசி பயன்படுத்தக்கூடிய ஒளியின் அளவு) போதும். வெளிச்சம் போதாவிட்டால் காம்பை நீட்டிக் கிண்ணம் போலக் குவியும். அதிகமானால் தரையோடு ஒட்டிச் சுருங்கி நிறம் விடும். ஓட்டம் பலமாக அடித்தால் பிடியை விட்டு எங்காவது மிதந்துபோய் ஒதுங்கும். தண்ணீரைக் கண்ணாடி போலச் சுத்தமாக வைக்கிறேன் என்று நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கினால் நாளுக்கு நாள் சிறுக்கும். நைட்ரேட் 5–20 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03–0.1 பி.பி.எம். என்ற அழுக்கில் அது செழிக்கிறது.

தொட்டதும் வாயிலிருந்து வெள்ளை நூல்கள் வந்தால் புழு என்று பயப்பட வேண்டாம். ஜீரண இழைகள் அவை. தொந்தரவு பட்டால் வெளியே தள்ளும், சில மணி நேரத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளும். பயப்பட வேண்டியது பழுப்புக் கூழாகக் கரைவதும் அழுகிய முட்டை நாற்றமும்தான். அப்படி ஆனதைப் பாறையோடு உடனே வெளியே எடுத்துவிட வேண்டும்.

பெருக்குவது எளிது. புதிய பிளேடால் தட்டின் நடுவில், வாய் இரு பாதியிலும் வரும்படி ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். வெட்டியதும் துண்டு சுருண்டு கோழையைக் கக்கும். அந்தக் கோழையால்தான் சூப்பர் க்ளூ பிடிப்பதே இல்லை. பசையோடு மல்லுக்கட்டாமல், தொட்டிக்குள்ளேயே ஒரு டப்பாவில் ஒரு செ.மீ. பீங்கான் சில்லுகளைப் பரப்பி, துண்டுகளை மேலே போட்டு, வாயைக் கொசுவலையால் கட்டி, ஓட்டம் குறைந்த மூலையில் வைத்துவிடுங்கள். 7 முதல் 10 நாளில் தானே சில்லைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சில்லுக்குப் பசை போடலாம். குளிர்காலத்தில் மட்டும் வெட்டாதீர்கள். ஆறாத காயத்தோடு ஒரு கரண்ட் கட் வந்தால் துண்டு போய்விடும். ஏப்ரல், மே போல நல்ல மாதம் இல்லை.

வகை தேர்வில் எங்கள் முடிவு தெளிவானது. முதல் தொட்டிக்கு டிஸ்கோசோமா: சூட்டில் வரும் சிறு ஏற்றத்தாழ்வை வேறெதையும்விட நன்றாகத் தாங்குகிறது. ரோடாக்டிஸ் அதே அளவு கெட்டி, ஆனால் பக்கத்து உயிரைச் சுட்டுத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும். தனிப் பாறையில், சுற்றிலும் 10 செ.மீ. மணல் விட்டு வையுங்கள். ரிகார்டியாவில் கரீபியன் கடலின் ஃப்ளோரிடா வகை பரவாயில்லை. அதன் யூமா வகை பயணத்திலேயே நொந்துபோய் வந்து, மலையேறிய ஒரு வாரத்தில் கரைகிறது. அந்த விலைக்கு அதை எங்களால் பரிந்துரைக்க முடியாது. கடைகளில் 'யானைக்காது' என்று ஆசை காட்டும் ஆம்ப்ளெக்சிடிஸ்கஸ் விளிம்பைப் பை போலக் குவித்து மீனையே விழுங்கும். கோமாளி மீன் இருக்கும் தொட்டியில் அதற்கு இடம் இல்லை.