சம்பளத்தில் பிடித்தார்கள், அரசாங்கத்துக்குக் கட்டவில்லை: 26ஏஎஸ், பி.எஃப். பாஸ்புக் இரண்டையும் இன்றே பாருங்கள்

மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள், முக்கியமாகச் சின்ன, நடுத்தரக் கம்பெனிகளில் இருப்பவர்கள், இதைப் படித்ததும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ். இன்னொன்று, வருங்கால வைப்பு நிதிக் கணக்கைக் காட்டும் பி.எஃப். பாஸ்புக். சம்பளச் சீட்டில் பிடித்த பணம் அங்கே வந்து சேர்ந்திருக்கிறதா என்று மாதவாரியாக ஒத்துப் பாருங்கள். எனக்கு வந்து சேரவில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். புகார் விசாரணையில் இருப்பதால் கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. அங்கே சம்பளம் ஒரு மாதமும் தள்ளிப் போனதில்லை. சீட்டும் ஒழுங்காக வரும்: பி.எஃப். 1,800, டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி) 4,200, மீதி வங்கிக் கணக்கில். சம்பளம் சரியாக வருகிற இடத்தில் பிடித்தத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. அதை வைத்துத்தான் இந்த ஏமாற்று ஓடுகிறது.

ஜூனில் ஃபார்ம் 16, அதாவது வரி பிடித்ததற்குக் கம்பெனி தர வேண்டிய சான்று, கேட்டபோது, எக்செல்லில் அடித்து கம்பெனி முத்திரை குத்திய ஒரு தாளைக் கொடுத்தார்கள். சம்பளக் கணக்கு இருந்தது. பார்ட் ஏ இல்லை. பார்ட் ஏ என்பது வருமான வரித் துறையின் டிரேசஸ் தளத்திலிருந்து மட்டுமே இறக்கக்கூடியது. எந்தத் தேதியில், எந்தச் சலானில் பணம் கட்டப்பட்டது என்று அதில் இருக்கும். கம்பெனி கட்டாவிட்டால் அந்த இடத்தில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. கேட்டதற்கு, “அதெல்லாம் அப்புறம் வருங்க, இதை வச்சே ரிட்டர்ன் போட்டுக்கலாம்” என்றார் அக்கவுண்ட்ஸ் அண்ணன். போட்டேன். வருமான வரித் துறையின் பெங்களூரு மையத்திலிருந்து, ரிட்டர்னைச் சரிபார்த்து அனுப்பும் 143(1) அறிவிப்பு வந்தது. நான் காட்டிய டிடிஎஸ்ஸில் பெரும்பகுதி அவர்களுக்கு வந்து சேரவே இல்லையாம், அதை வட்டியோடு கட்டச் சொல்லியிருந்தார்கள். 26ஏஎஸ்ஸைத் திறந்தால் முதல் காலாண்டுக்கு மட்டும் பதிவு இருந்தது. பி.எஃப். பாஸ்புக்கிலும் ஒரு மாதத்தோடு வரிசை நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகும் 1,800 பிடிப்பது மட்டும் நிற்கவில்லை.

முதலாளியிடம் போனேன். “பையர் பேமெண்ட் வரட்டும்ங்க, மொத்தமாக் கட்டிரலாம். நீங்க நம்ம ஆளுதானுங்களே” என்றார். நூல் விலை ஏறியதும், அமெரிக்க ஆர்டர் குறைந்ததும் உண்மைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பிடித்த நிமிடத்திலிருந்து அந்தப் பணம் கம்பெனியுடையது அல்ல. வங்கியில் ஓ.டி. கடன் எடுத்தால் வட்டி கேட்பார்கள், சொத்தை அடமானம் கேட்பார்கள். எங்கள் பிடித்தத்தை எடுத்தால் எதுவும் வேண்டாம், அவ்வளவுதான் விஷயம்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. சம்பளத்தில் பிடித்த வரியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. பி.எஃப். அடுத்த மாதம் 15-க்குள். பிடித்த வரியைக் கட்டாதவருக்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 276பி பிரிவு சிறைத் தண்டனை வரை போகிறது. தொழிலாளியின் பி.எஃப். பங்கைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுவதைப் பழைய தண்டனைச் சட்டத்தின் 405-ஆவது பிரிவே நம்பிக்கை மோசடி என்று சொன்னது. அப்புறம், எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது அதே வருமான வரிச் சட்டத்தின் 205-ஆவது பிரிவு: சம்பளத்தில் வரி பிடிக்கப்பட்டுவிட்டால் அந்த வரியை ஊழியரிடம் திரும்பக் கேட்கக் கூடாது. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015 ஜூன் 1-லும் 2016 மார்ச் 11-லும் அதிகாரிகளுக்கு இதையே எழுதியது. இப்படிப்பட்ட பாக்கிக்காக ஊழியரின் ரீஃபண்டைப் பிடித்து வைப்பதும் கூடாது என்று 2023-இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. இருந்தும் கணினி தானாக நோட்டீஸ் அனுப்புகிறது, மறு வருட ரீஃபண்டைக் கழித்துக்கொள்கிறது. எனக்கும் கழித்தார்கள். 2012-இல் பறப்பதை நிறுத்திய கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தின் ஊழியர்களும் இதே இடத்தில்தான் மாட்டினார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியில் நடந்தது நம் கம்பெனியில் நடக்காது என்று இருந்துவிடாதீர்கள்.

இப்போது அந்த முதலாளி பழைய கம்பெனியை ஓரங்கட்டிவிட்டு, மைத்துனர் பெயரில் புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறார். அதே ஷெட், அதே மெஷின். உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. பராந்தக சோழன் காலம், கி.பி. 921. ஊர்ச் சபையின் வாரியத்தில் (குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலையில் பெயர் போடக் கூடாது என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். அவனோடு விடவில்லை. அண்ணன் தம்பி, மாமனார், மைத்துனன், மருமகன் என்று சொந்தக்காரர்களையும் வரிசையாகச் சேர்த்து விலக்கியிருக்கிறார்கள். ஊர்ச் சபைக்காக எழுதிய விதிதான், ஆனால் பணத்தைத் தின்றவன் அடுத்து யார் பெயரில் வருவான் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இன்றைக்குப் புதிய கம்பெனி பதிவு செய்யும்போது இந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை.

என்னைவிட எனக்குக் கவலை டைலர்களையும் செக்கிங் பெண்களையும் பற்றித்தான். வரி கட்டும் அளவுக்கு அவர்களுக்குச் சம்பளம் இல்லை, இருக்கிற ஒரே சேமிப்பு பி.எஃப். பலருக்கு பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். எண்ணோடு இணைந்திருப்பது சூப்பர்வைசரின் கைபேசி எண். ஒடிசாவிலிருந்து வந்த பையன்களுக்கு ஏஜெண்டின் எண். குறுஞ்செய்தி வந்தாலும் அவர்களுக்குப் போகாது. முதலில் அதை மாற்றிக் கொடுங்கள். சொந்த எண் பதிவாகி, ஆதார் விவரமும் இணைந்துவிட்டால் 9966044425-க்கு ஒரு மிஸ்டு கால் போதும், கடைசியாகக் கட்டிய தொகையும் இருப்பும் குறுஞ்செய்தியில் வரும். தெரிந்தவர் யாராவது பத்துப் பேருக்கு உட்கார்ந்து இதைச் செய்து கொடுத்தால் பெரிய உதவி.

நோட்டீஸ் வந்தவர்கள் பயந்து பணத்தைக் கட்டிவிடாதீர்கள். வரித் தளத்தில் பாக்கியை ஏற்கவில்லை என்று பதில் போட்டு, சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மெண்ட் இரண்டையும் இணைத்து, 205-ஐயும் நேரடி வரிகள் வாரியத்தின் இரண்டு கடிதங்களையும் குறிப்பிடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வரிச் சட்டம் நடைமுறை என்பதால் புதிய வருடங்களுக்குப் பிரிவு எண்கள் வேறு, ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பி.எஃப். புகாரை அவர்களுடைய குறைதீர் தளத்தில் போட்டுப் பதிவு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் புகாருக்குப் பிறகு அதிகாரிகள் வந்து பதிவேடுகளைப் பார்த்தார்கள், ஒரு பகுதி பாக்கி கணக்கில் ஏறியிருக்கிறது. டிடிஎஸ் இன்னும் வரவில்லை.

வேலையை விடும்போது, பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். பாஸ்புக்கையும் 26ஏஎஸ்ஸையும் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.