முதல் லோலிதா உடை: பழைய ஜப்பான் பிராண்டா, புதிய சீன உடையா?

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம், ஹராஜுகுவில் லஃபோரே கட்டடத்துக்குள் லோலிதா உடை விற்கும் ஏஞ்சலிக் பிரெட்டி கடை வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். லோலிதா என்ற பெயரைக் கேட்டு யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். இங்கே லோலிதா என்பது மணி போல விரியும் பாவாடை, கழுத்து வரை மூடிய பிளவுஸ், லேஸ், தலையில் பெரிய ரிப்பன் என்று உடம்பை நன்றாக மூடும் உடை வகை. அன்றைக்கு வாங்காததற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. எதில் தொடங்குவது என்றே தெரியவில்லை. அதற்கப்புறம் இரண்டு வழியிலும் காசைப் போட்டுப் பார்த்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

பிராண்ட் கடையில் புதிதாக வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அழகு, தரம், கடைக்காரர்களின் உபசரிப்பு எல்லாம் அருமை. ஆனால் ஒரு ஜம்பர் ஸ்கர்ட், அதாவது உள்ளே பிளவுஸ் போட்டு அணியும் கையில்லாத கவுன், சாதாரணமாக 30,000 யென்னைத் தாண்டும். முதல் உடைக்கு அவ்வளவு போட வேண்டாம். ஆக மிச்சம் இருப்பது இரண்டு: ஜப்பான் பிராண்ட் உடையைப் பழையதாக வாங்குவது, அல்லது தாவ்பாவ் என்ற சீன ஆன்லைன் சந்தையில் சீன பிராண்ட் உடையைப் புதிதாக வாங்குவது.

சீன உடையில் நல்லது நிறைய இருக்கிறது. சில நூறு யுவானில் வேலை முடியும், அளவும் எஸ், எம், எல், எக்ஸெல் என்று கிடைக்கும். சங்கடம் காத்திருப்பதில்தான். பல கடைகள் முன்பதிவு முறையில் விற்கின்றன. முன்பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, மீதியைக் கட்டிய பிறகுதான் உடை புறப்படும். நான் ஏப்ரலில் கட்டியது நவம்பரில் வந்தது. வந்தபோது என் ரசனையே மாறியிருந்தது, இளஞ்சிவப்பில் இருந்து கறுப்புக்குப் போயிருந்தேன். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஜப்பான் பிராண்டுகளின் பிரிண்டை, அதாவது துணியில் அச்சிட்ட படத்தை, அப்படியே நகலெடுத்து விற்கும் கடைகளும் அங்கே உண்டு. இந்த உடை உடுத்துகிறவர்கள் நகலை மதிப்பதில்லை, சொந்த வடிவமைப்பு செய்யும் கடையா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நான் சாய்வது பழைய ஜப்பான் பிராண்ட் பக்கம். க்ளோஸெட் சைல்ட் மாதிரி இதற்கென்றே இருக்கும் கடைகளில் பேபி தி ஸ்டார்ஸ் ஷைன் பிரைட், இன்னொசென்ட் வேர்ல்ட், இசைக்கலைஞர் மனா 1999-இல் தொடங்கிய முவா மெம் முவாத்தியே என்று எல்லா பிராண்டும் ஒரே கம்பியில் தொங்கும். தொட்டுப் பார்க்கலாம், லேஸை முகர்ந்துகூடப் பார்க்கலாம் (சிகரெட் வாசனை லேஸில் ஏறினால் போகவே போகாது). கறை, கிழிசல், நிறம் மங்கல் எல்லாவற்றையும் சீட்டில் எழுதி ஒட்டியிருப்பார்கள். நான் கூடுதலாக ஒன்று செய்வேன். முதுகில் எலாஸ்டிக் வைத்துச் சுருக்கித் தைத்த இடம் இருக்குமே, ஷர்ரிங், அதை இரண்டு கையாலும் மெல்ல இழுத்து விடுவேன். சட்டென்று சுருங்கிக்கொண்டால் நல்லது. தளர்ந்து கிடந்தால் எலாஸ்டிக் செத்துவிட்டது, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடவேண்டாம்.

ஆனால் எனக்கு முடிவைத் தீர்மானித்தது மறுவிற்பனை. தொடங்கும்போது நமக்கு எந்த பாணி ஒத்துவரும் என்று தெரியாது. ஸ்வீட்டா (வெளிர் நிறங்களில் குழந்தைத்தனமாக), கிளாசிக்கா (அடக்கமாக), கோதிக்கா (கறுப்பும் இருளுமாக) என்பது கண்ணாடி முன்னால் நின்று, பிறகு ரயிலில் ஏறி, நாலு பேர் நடுவில் உட்கார்ந்த பிறகுதான் புரியும். அதனால் முதல் உடையைப் பெரும்பாலும் விற்கத்தான் போகிறோம் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். என் கணக்கு இது. பழைய ஜம்பர் ஸ்கர்ட்டை 14,800 யென்னுக்கு வாங்கி, ஒரு வருஷம் உடுத்தி, மெர்காரி என்ற பழைய பொருள் விற்கும் ஆப்பில் 13,000-க்கு விற்றேன். மெர்காரியின் 10 சதவீதக் கமிஷன் 1,300, அனுப்பும் செலவு 850 போக 10,850 கைக்கு வந்தது. சீன உடைக்கு அனுப்பும் செலவோடு 9,500 ஆயிற்று, விற்றது 3,500-க்கு, அதே கமிஷனும் அனுப்பும் செலவும் போக கையில் நின்றது 2,300. விலை கூடிய உடை எனக்கு 3,950 யென்னில் முடிந்தது, மலிவான உடை 7,200 யென்னைத் தின்றது. பிராண்டுகள் ஒரு பிரிண்டைக் கொஞ்சமாகத்தான் போடுகின்றன, பெரும்பாலானவை திரும்ப வருவதில்லை, அதனால் பழைய பிரிண்டைத் தேடிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. நான் விற்ற சீன உடை ஒன்றே ஒன்றுதான், பெயர் வாங்கிய சீன பிராண்டுகள் இதைவிட நன்றாகப் போகலாம்.

விலை நிற்க வேண்டுமென்றால் உதிரிகளைப் பத்திரமாக வையுங்கள். இடுப்பில் கட்டும் ரிப்பன், கழற்றி மாட்டும் ரிப்பன் முடிச்சு (bow), மாற்றுப் பொத்தான் எல்லாவற்றையும் வாங்கிய அன்றே ஒரு ஜிப் பையில் போட்டு ஹேங்கரில் மாட்டிவிடுங்கள். ஒரு ரிப்பன் குறைந்தால்கூட வாங்குகிறவர் விலையைக் குறைப்பார். அடர்நிறத் துணியில் வெள்ளை லேஸ் இருந்தால் ஊறவைக்கவே கூடாது, சாயம் லேஸில் ஏறிவிடும்.

அளவில் நான் பட்டது ஒன்று. ஆன்லைனில் பழைய உடைகளுக்கு, பல இடங்களில் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் எடுத்த அளவைப் போடுவார்கள், அப்படியென்றால் அதை இரண்டால் பெருக்க வேண்டும். 42 முதல் 52 செ.மீ. வரை என்றால் மார்பளவு 84 முதல் 104. எனக்கு 96, சரியாக இருக்கும் என்று வாங்கினேன். மார்பு பொருந்தியது, தோள்பட்டை இறங்கவில்லை. தோள் அகலமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் பழையதாக வாங்கச் சொல்லவில்லை. பிளவுஸ் எனக்குச் சீனாவிலிருந்துதான், ஜப்பான் பிராண்ட் பிளவுஸ்களின் கை என் புஜத்துக்கு இறுக்கம். பன்னியே மட்டும் புதியதாகவே வாங்குங்கள். உள்ளே போடும் விரிப்புப் பாவாடையை ஜப்பானில் அப்படித்தான் சொல்வார்கள், நம்மூர் பெட்டிகோட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒருவர் உடுத்தி அமுங்கிப்போன பன்னியே அடுத்தவருக்கு நிற்காது, அது நிற்காவிட்டால் எந்த பிராண்ட் உடையும் தொளதொளவென்று தொங்கும். கவுனுக்கு முன்னால் அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும், நான் கவுனை வாங்கிவிட்டு ஆறு வாரம் அலமாரியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.